பூட்டியிருந்த ஊக்கு

ஊக்கு பூட்டியிருந்தது. பணம் கிடைத்ததையும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததையும் நான் மறந்துவிடுவேன். இது மட்டும் மூன்று மாதமாக உள்ளே கிடந்து உறுத்துகிறது.

நடந்தது பெரிய கதை இல்லை. கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த டவுன் பஸ். கடைசி நிறுத்தத்தில் இறங்க எழுந்தபோது, சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரல் பட்டது. நான்காக மடித்த நோட்டுகள். ஐந்நூறு நான்கு, நூறு மூன்று. மடிப்பின் குறுக்கே ஓர் ஊக்கு. பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸில் பணத்தை ஒப்படைத்தேன். நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது மகன், “சூப்பர்ம்மா” என்றான். மருமகள் அன்று இரவே அவள் அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.

ஊக்குக்கு வருகிறேன். ஆண்களுக்கு இது அவ்வளவாகப் பிடிபடாது. ஊக்குக்கு இரண்டே நிலைதான். திறந்திருக்கும், இல்லையென்றால் பூட்டியிருக்கும். திறந்த ஊக்கோடு பணம் கிடந்திருந்தால், ‘அவசரத்தில் சரியாகப் பூட்டவில்லை போல’ என்று விட்டிருப்பேன். இது பூட்டியிருந்தது. முனை தொப்பிக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. சுருள் பக்கத்தில் பச்சை நூல் இரண்டு இழை சிக்கியிருந்தது. அதாவது, அவள் சரியாகத்தான் குத்தியிருக்கிறாள், சரியாகத்தான் பூட்டியிருக்கிறாள். ஊக்கும் விடவில்லை. துணிதான் இற்றுப்போயிருக்கிறது.

அவள் என்று எழுதிவிட்டேன். சட்டைப் பை இருக்கிறவர்கள் நோட்டில் ஊக்குக் குத்துவதில்லை.

பஸ்ஸுக்குள் அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். 2021 மே மாதத்திலிருந்து இந்த பஸ்களில் பெண்களுக்குக் காசு வேண்டாம். கண்டக்டர் தருகிற கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொண்டால் போதும். முன்பென்றால் டிக்கெட் எடுக்கும்போதே, “ஐயோ, துட்டக் காணலியே” என்று சத்தம் கேட்டிருக்கும். பஸ் நின்றிருக்கும். நாலு பேர் குனிந்து தேடியிருப்பார்கள். இப்போது அவள் இறங்கி, போக வேண்டிய இடத்துக்குப் போயிருப்பாள். மருந்துக் கடையோ, அடகுக் கடையோ, வாடகை வீட்டுக்காரர் வாசலோ. பணத்தை நீட்ட வேண்டிய நேரத்தில்தான் கை அந்த இடத்துக்குப் போயிருக்கும். அந்தக் கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இரண்டு கையும்.

இப்போது, நான் யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். நோட்டு விரலில் பட்டதும், “யார் பணம் இது?” என்று நான் கேட்கவில்லை. கை அதன்மேல் மூடிக்கொண்டது. பஸ்ஸில் அப்போது ஐந்தாறு பேர் இருந்தார்கள். சத்தமாகக் கேட்டால் யாராவது ஒருவர் “என்னுதுதான்” என்று சொல்லிவிடலாம், அதனால்தான் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் காரணம் வந்தது பிறகு. கை மூடியது முன்பு.

இறங்கி, நிழற்குடைக்கு அடியில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, ஊக்கைத் திறந்து, எண்ணினேன். ஏன் எண்ணினேன்? கொடுக்கத்தான் போகிறேன் என்றால் எவ்வளவு என்று எனக்கு எதற்கு? “ஆத்துல போட்டாலும் அளந்து போடு” என்பார்கள். அந்த அளவுக்காக நான் எண்ணவில்லை. 2,300 என்று தெரிந்ததும்தான் எழுந்து டைம் ஆபீஸ் பக்கம் நடந்தேன். 200 என்று இருந்திருந்தால் நடந்திருப்பேனா? 20 என்றால் நிச்சயம் நடந்திருக்க மாட்டேன். அப்படியென்றால் நடுவில் எங்கோ ஒரு தொகை இருக்கிறது. அதுவரை நான் ஒரு மாதிரி, அதற்கு மேல் வேறு மாதிரி. அந்தத் தொகை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை.

எப்போதோ படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸுகள். வங்கி, தங்கும் விடுதி, தபால் நிலையம் மாதிரியான இடங்களில் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ‘ரோட்டில் கிடந்தது’ என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில பர்ஸில் பணம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று பார்த்தார்கள். பணமில்லாத பர்ஸைவிடப் பணம் இருந்த பர்ஸுக்குத்தான் கூடுதலாகத் தகவல் வந்தது. பணம் கூடக்கூட இன்னும் கூடியது. மனிதர்களுக்குத் தங்களைத் திருடராகப் பார்ப்பது பிடிக்காது, தொகை ஏற ஏற அந்தக் கூச்சமும் ஏறுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. படித்தபோது மனித குலத்தைப் பற்றிச் சந்தோஷமாக இருந்தது. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அதையே வேறு மாதிரி நினைக்கிறேன். சின்னத் தொகைக்கு நமக்கு அந்தக் கூச்சம் வராது என்றுதானே அதற்கு அர்த்தம்?

எனக்கு வரவில்லை. அது இருபது பைசா.

தென்காசிப் பக்கத்தில் எங்கள் கிராமம். அம்மன் கோவில் கொடை. எனக்கு ஒன்பது வயது. பந்தலுக்கு வெளியே மணலில் மஞ்சளாக ஏதோ மின்னியது. தாமரை போட்ட பித்தளை இருபது பைசா. இரண்டு பக்கமும் பார்த்தேன், எடுத்தேன். ஐந்து பைசாவுக்குக் குச்சி ஐஸ், சிவப்புக் கலர். ஒன்று தின்றேன். ஆசை அடங்காமல் இன்னொன்றும் தின்றேன். மீதி பத்துப் பைசாவைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தபோது, அதே இடத்தில் ஒரு பையன் மண்டியிட்டு மணலைச் சலித்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கு வழியாக மணலை விடுவான், கையில் தங்கியதைப் பார்ப்பான், மறுபடி அள்ளுவான். அழவில்லை. அழுதிருந்தால் ஓடிப்போயிருப்பேன்.

“என்ன தேடுத?” என்று கேட்டேன்.

“துட்டு. எங்கய்யா தந்தது.”

நானும் உட்கார்ந்து தேடினேன். கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வில்லுப்பாட்டு ஆரம்பித்து, ஒரு கதை பாதி முடியும்வரை இரண்டு பேரும் தேடினோம். நடுவில் அவன் என் வாயைப் பார்த்தான்.

“ஐஸ் தின்னியா?”

“ஆமா.”

“நானும் அதுக்குத்தான் வச்சிருந்தேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி மணலை அள்ளினான்.

அவனுக்குத் தெரிந்திருந்ததா? இன்றுவரை தெரியாது. மீதி பத்துப் பைசாவை அப்போதே எடுத்து, “இந்தா, இங்க கெடந்துச்சு” என்று கொடுத்திருக்கலாம். ‘இருபதுல்லா, பத்து எப்படி ஆச்சு?’ என்று கேட்பானே என்று பயந்தேன். பாதி கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பத்துப் பைசாவை அப்பா கடையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். யாராவது மீதிச் சில்லறை வாங்காமல் போய்விட்டால், கடைக்குள் காசு கிடந்தால், கல்லாவில் சேர்க்க மாட்டார். “யாருதுன்னு தெரியாத துட்டு நம்ம துட்டோட கலக்கக் கூடாது” என்பார். எல்லாம் பாட்டிலுக்குப் போகும். கேட்டு வருகிறவருக்கு அதிலிருந்து கொடுப்பார். அடுத்த கொடைக்கு மீதி முழுவதும் அம்மன் உண்டியலுக்கு. ஆச்சிக்கு அதுவும் பிடிக்காது. “கீழ கெடக்கிற துட்ட எடுத்தா மேல இருக்கிற துட்டும் போயிரும்ட்டி, தொடாத” என்பாள்.

ஆக, அந்தப் பையனின் காசில் பாதி என் நாக்கில், பாதி அம்மன் உண்டியலில். எங்கள் பக்கம் கண்டெடுத்த காசுக்கு உண்டியல்தான் வழக்கமான வழி. பஸ்ஸில் கிடைத்த பணத்தைப் பற்றிச் சொன்னபோதும் மூன்று பேர், “பேசாம கோவில்ல போட்டிருக்கலாமே” என்றார்கள். அவர்கள் சொல்வதில் ஓர் அடக்கம் இருக்கிறது; எனக்கு வேண்டாம் என்கிற அடக்கம். ஆனால் அவள் மருந்துக்கு வைத்திருந்ததை நான் சாமிக்குக் கொடுப்பதற்கு நான் யார்? காணிக்கை அவளுடையது, நிம்மதி என்னுடையது என்றல்லவா ஆகிவிடும்? அப்பாவிடம் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கிற வயது வந்தபோது அவர் இல்லை.

கேட்க ஆள் இல்லாததால்தானோ என்னவோ, சட்டத்திடம் போனேன். முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள் நான். 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 314 ஆகிவிட்டது. பிறர் பொருளை நேர்மையற்றுத் தனதாக்கிக்கொள்வது. பழைய சட்டத்தில் அதற்குக் கீழே குட்டிக் குட்டி உதாரணக் கதைகள் இருக்கும். ‘ஏ’ என்று ஒருவர் பெரிய சாலையில் ஒரு ரூபாயைக் கண்டெடுக்கிறார், யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறார், குற்றமில்லை. அதே ‘ஏ’ ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறார், உள்ளே பணம், கடிதத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது, அப்போதும் வைத்துக்கொள்கிறார், குற்றம். அந்தக் காலத்து ஒரு ரூபாய் என்பது ஒரு தோலா எடையுள்ள வெள்ளிக் காசு. சின்னத் தொகை இல்லை. ஆகவே சட்டம் அங்கே தொகையைப் பார்க்கவில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க வழி இருந்ததா, அதற்கு நியாயமாக முயன்றாயா என்றுதான் கேட்கிறது. எண்ணிப் பார்த்த நான் சட்டத்தைவிட ஒரு படி கீழே.

ரூபாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. ஐந்நூறு ரூபாயின் பின்பக்கத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது. கீழிருந்து மூன்றாவதாகத் தமிழ். முன்பக்கத்தில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழி. அந்த உறுதி யாருக்கு? சம்பாதித்தவருக்கா, தொலைத்தவருக்கா? இல்லை, அதைக் கொண்டுவருகிறவருக்கு. நோட்டுக்கு நேற்று என்பதே கிடையாது. கையில் வைத்திருப்பவர்தான் அதற்கு எஜமானர். பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரத்தில் படித்தோமே, புகார் நகரத்து வெள்ளிடை மன்றம். பொதிகள் காவல் இல்லாமல் கிடக்கும், உரியவர் பெயர் மேலே பொறித்திருக்கும், திருட வருகிறவனைத் தலையில் சுமையோடு சுற்றவிடும், கொண்டுபோகவிடாது. அங்கே பொதிமேல் பெயர் இருந்தது. இங்கே நோட்டில் யார் பெயரும் இல்லை.

பெயர் இல்லை என்றா சொன்னேன்? இருந்தது. அதைத்தான் நான் கழற்றிவிட்டேன்.

டைம் ஆபீஸில் இருந்தவர் பொறுமைசாலி. எந்த பஸ், எத்தனை மணி, எந்த சீட்டு என்று எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, “பர்ஸா, கவரா, பொட்டலமாம்மா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார். சும்மா மடிச்சிருந்துச்சு.”

அப்படியே எழுதிக்கொண்டார்: சும்மா மடித்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

இரவு புடவை மாற்றும்போது தாலிச் சங்கிலியில் கை பட்டது. எப்போதும் அதில் மூன்று ஊக்குகள் தொங்கும், பெரியது ஒன்று, சின்னது இரண்டு. அன்று நான்கு. சிமெண்டுப் பெஞ்சில் எண்ணுவதற்காகக் கழற்றியதை, நாற்பது வருஷப் பழக்கத்தில், கை தானாகச் சங்கிலியில் மாட்டியிருக்கிறது. பச்சை நூல் இரண்டு இழையும் அப்படியே இருந்தது. அன்று இரண்டாவது தடவையாக என் கை எனக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தது.

ஒரு ஊக்கு என்ன விலை? அட்டை அட்டையாக விற்கிறார்கள். ஆனால் அவள் வந்து கேட்டால் என்ன சொல்லுவாள்? தொகையைச் சொல்லலாம். தொகையைத் தப்பாகவும் சொல்லலாம்; எடுத்து வைக்கும்போது 2,500, வழியில் ஏதோ வாங்கியது மறந்துபோயிருக்கும். ‘ஊக்குக் குத்தியிருந்தேன் சார்’ என்பதை மட்டும் தப்பாகச் சொல்லவே மாட்டாள். அதுதான் அவள் கையெழுத்து. புத்தகத்தைப் பார்த்து அவர், ‘இது சும்மா மடிச்சதும்மா, உங்களுது இல்ல’ என்பார். நியாயமாகத்தான் சொல்லுவார்.

மறுநாள் காலையில் ஓடினேன். வேறு ஒருவர் இருந்தார். ஊக்கை நீட்டினேன். சிரித்தார். “துட்டத்தான் குடுத்துட்டீங்களே. இதப் போயி...” என்றார். அடையாளம் என்று விளக்கினேன். பேனாவைக் கொடுத்து, “நீங்களே எழுதிருங்க” என்றார். வரிக்குப் பக்கத்தில் இடம் இல்லை. மேலே பொடியாக, ‘ஊக்கு குத்தியிருந்தது, பச்சை நூல்’ என்று எழுதினேன். ஊக்கை வாங்கிக்கொள்ளவில்லை. “நீங்க வச்சிக்கோங்கம்மா, இங்க தொலைஞ்சிரும்.”

அடுத்த வாரம் மறுபடி போனபோது முதல் ஆள் இருந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார். “ரெண்டு மூணு பேரு வந்து கேட்டாங்கம்மா. அன்னைக்குச் சாயங்காலமே ஒருத்தங்க. அடையாளம் சரியாச் சொல்லல, அனுப்பிட்டேன்.”

“யாராவது ஊக்குன்னு சொன்னாங்களா சார்?”

அவர் உண்மையிலேயே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஞாபகம் இல்லியேம்மா” என்றார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் அவர் கேட்டார்.

பக்கத்துத் தெருவில் ஒரு ஹஜரத் இருக்கிறார். மதரஸாவில் ஓதிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பேத்தியோடு வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். ஊக்கைப் பற்றிச் சொல்லவில்லை, பணத்தைப் பற்றி மட்டும். “எங்க மார்க்கத்துல அதுக்குன்னே சட்டம் இருக்கும்மா. லுகதான்னு பேரு” என்றார். “கண்டெடுத்தா மொதல்ல அது இருந்த பையையும், அதக் கட்டியிருந்த கயித்தையும் நல்லாப் பாத்து வச்சிக்கணும். பெறகு ஒரு வருஷம் அறிவிக்கணும். ஹதீஸ்ல இருக்கு.”

“எண்ணிப் பாக்கச் சொல்லலியா?”

“எண்ணிக்கையும் வருது. ஆனா பையும் கயிறும் முக்கியம். எவ்வளவுன்னு எவனும் குத்துமதிப்பாச் சொல்லிருவான். எப்படிக் கட்டியிருந்துச்சுன்னு கட்டினவனுக்குத்தானே தெரியும்?”

நான் புடவை முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

எண்ணச் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது: எண்ணுவது உரியவரைக் கண்டுபிடிக்க. நான் எண்ணியது என்னைக் கண்டுபிடிக்க. காரியம் ஒன்றுதான். அப்படியென்றால் நான் செய்தது தப்பா? பணத்தை வைத்துக்கொள்ளவில்லையே. ஒரு பைசா குறையாமல் கொடுத்தேனே. இப்படி எனக்காக நானே வாதாடும்போது, பத்துப் பைசாவைப் பாட்டிலில் போட்ட பெண்ணின் குரல் கேட்கிறது. அவளும் போட்டாள்தானே. அவன் கைக்கு மட்டும் அது போகவில்லை.

கொடுத்தது எனக்குக் கணக்கு. அவளுக்குக் கிடைத்ததா என்பது வேறு கணக்கு. இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளைத் தேடிக் கண்டுபிடிப்பதுவரை என் பொறுப்பா, அல்லது டைம் ஆபீஸ் வாசல்வரைதானா? வாசல்வரை என்றால் நான் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம் வரவில்லை என்பதற்காக அது என் பொறுப்பு என்று ஆகிவிடுமா? தெரியவில்லை. போன் வரவில்லை. பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கவும் நான் மறுபடி போகவில்லை. போகாததற்குக் கால் வலி என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

ஊக்கைத் தையல் டப்பாவில் ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பும்போது முந்தானைக்கு ஊக்கு கிடைக்கவில்லை. ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கை நேராக டப்பாவுக்குப் போனது. எடுத்துவிட்டேன், திறந்தும்விட்டேன். பிறகு பூட்டி, வைத்துவிட்டு, மருமகளிடம் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டு போனேன். அடுத்த தடவையும் அப்படிச் செய்வேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பச்சை நூலை மட்டும் இன்னும் பிரித்தெடுக்கவில்லை.